முயலுக்கு ஒரு மூலை: கழிவு டிரேயில் பழக்குதல்

வீட்டு முயல் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தது. ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட அந்த முயல், மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். வளைக்கு வெளியே ஓரிரு இடங்களைக் கூட்டம் முழுவதும் பொதுவில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே வந்து புழுக்கை போடும். அந்தக் குவியலின் வாடை அடுத்த கூட்டத்துக்கு எல்லைக்கல் போல. கூண்டில் எத்தனையோ தலைமுறை வளர்ந்த பிறகும் இந்த வழக்கம் முயலை விட்டுப் போகவில்லை. எந்த அறையில் விட்டாலும் சில நாளில் அது தனக்கென ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மூலை வீட்டாருக்கும் தோதான மூலையாக அமையும்படி பார்த்துக்கொள்வதுதான் பழக்குதல் எனப்படும் வேலை முழுவதும்.

தென்காசி மாவட்டத்தில் பண்பொழி, வடகரை, மேக்கரைப் பக்கத்து வயல்களிலும் தோப்புகளிலும் ஓடித் திரியும் காட்டு முயலை இதோடு சேர்த்து எண்ணக் கூடாது. பிடரியில் கருநிறம் கொண்ட அது வேறு இனம். வளை தோண்டாமல் புல் மறைவில் தனித்துப் படுத்திருக்கும். பொதுக் கழிப்பிட வழக்கமும் அதற்கு இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அறுவடையின்போது கதிர் மறைவில் குட்டி தட்டுப்பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தாய் பகலில் குட்டியின் பக்கம் வராது. பொழுது சாய்ந்த பிறகுதான் பால் கொடுக்க வரும்.

முயலின் பூர்வீகம்

தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்துசேரும் முயல்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட், சாம்பல் ஜயண்ட் ஆகியவை அடிக்கடி காணப்படும் இனங்கள். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி மையமும் பண்ணையாளர்களுக்காக இத்தகைய இனங்களைப் பராமரித்துவருகிறது. சந்தையில் கையடக்கமாக இருக்கும் குட்டி, ஏழெட்டு மாதத்தில் மூன்றரை, நான்கு கிலோவுக்கு வளர்ந்துவிடும். டிரே வாங்கும்போது இந்த வளர்ந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பண்ணைக் கூண்டின் தரை கம்பி வலையால் ஆனது. எங்கே கழித்தாலும் கீழே விழுந்துவிடும் என்பதால், அங்கே வளர்ந்த முயலுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் தேவையே வந்திருக்காது. அதற்கு வழக்கம் திரும்பக் கூடுதலாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வயதும் ஒரு கணக்கு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிடும். வளர்ந்த முயல்கள் விரைவில் பிடித்துக்கொள்ளும். தாயைப் பிரிந்து வரும் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே விற்கப்படும் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும் ஆபத்து அதிகம்.

புழுக்கையும் மூத்திரமும்

நலமாக உள்ள முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கை போடும். உருண்டையாக, உலர்ந்து, விரலால் நசுக்கினால் புல் துகளாக உதிர்ந்தால் அது நல்ல புழுக்கை. வாடை பெரும்பாலும் இருக்காது, துடைப்பத்தால் கூட்டிவிடலாம். இரண்டாவது வகையும் உண்டு. பெருங்குடல் வாயிலில் நொதித்து, சிறு திராட்சைக் கொத்துப்போல் மென்மையாகப் பளபளப்புடன் வெளிவரும் அதை, முயல் ஆசனவாயில் வாய் வைத்து அப்படியே விழுங்கிவிடும். அதிலுள்ள புரதமும் வைட்டமினும் முயலுக்கு அவசியம். இதைக் கெட்ட பழக்கம் என்று எண்ணித் தடுக்கக் கூடாது.

கவலைப்பட வேண்டியது மூத்திரத்தைப் பற்றித்தான். முயல் தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் மிஞ்சியதை மூத்திரம் வழியே வெளியேற்றுவதால், அது கலங்கலாக இருக்கும். காய்ந்தால் வெள்ளைப் பூச்சாகப் படியும். தின்ற இலைதழைக்கு ஏற்ப மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என நிறம் மாறுவது இயல்பு. பழக்குதலின் முதல் இலக்கு மூத்திரம் முழுவதும் டிரேக்குள் விழுவதே. நன்கு பழகிய முயலும் டிரேயைச் சுற்றி நாலைந்து புழுக்கை சிந்தும். அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை.

டிரேயும் அதற்குள் போடுவதும்

நான்கு கிலோ முயலுக்கு ஒன்றரை அடி நீளமும் ஓரடிக்குக் குறையாத அகலமும் உள்ள செவ்வக டிரே வேண்டும். முயல் உள்ளே ஏறி, முழுவதும் திரும்பி உட்கார இடம் இருக்க வேண்டும். பக்கச் சுவர் அரையடி உயரம் இருந்தால் மூத்திரம் வெளியே தெறிக்காது. ஏறி இறங்கும் ஒரு பக்கத்தை மட்டும் நான்கு விரல் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கடிக்கலாம். பாத்திரக் கடையில் கிடைக்கும் அழுத்தமான பிளாஸ்டிக் பேசினே போதும். சாந்து அள்ளும் வட்டச் சட்டி மூலையில் ஒட்டி நிற்காது. சுவருக்கும் சட்டிக்கும் நடுவில் விடுபடும் முக்கோண இடத்தையே முயல் தேர்ந்தெடுக்கும்.

டிரேயின் அடியில் பழைய செய்தித்தாள் நான்கைந்து மடிப்பு. அதன்மேல் ஓரங்குலம் ஈரம் உறிஞ்சும் பொருள். எல்லாவற்றுக்கும் மேல் முயல் தின்னும் அதே காய்ந்த புல், கை நிறைய. முயல் மேல் புல்லில் உட்காரும், மூத்திரம் வழிந்து கீழே இறங்கும், கால் ஈரமாகாது.

உறிஞ்சும் பொருளுக்குப் பண்பொழி வட்டாரத்தில் பஞ்சமில்லை. நெல் அரைக்கும் மில்லில் உமி கிடைக்கும். தூசு போகப் புடைத்துவிட்டுப் போட வேண்டும். உமி ஈரத்தை அதிகம் இழுக்காது. ஆகவே அடியில் தாள் கூடுதலாக வேண்டும். தென்னை நார்க்கழிவு பல மடங்கு ஈரம் பிடிக்கும். ஆனால் மெல்லிய தூள் மூக்கில் ஏறும், தின்றால் வயிற்றில் ஊதும். அதன்மேல் கனத்த புல் படுகையோ சிறு கண் பிளாஸ்டிக் வலையோ இருப்பது கட்டாயம். வைக்கோல் படுக்கையாக உதவும், ஈரம் உறிஞ்சாது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பூனைக்காக விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண் மணல் முயலின் குடலிலும் கட்டியாகும். மரம் அறுக்கும் மில்லின் தூள் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். பைன் முதலிய பிசின் மரச் சீவலின் வாடை ஈரலைப் பாதிக்கும். அடுப்புச் சாம்பல் காரமானது. பாதத்தின் உரோமத்தை அரிக்கும். வாடைக்காகப் பாச்சை உருண்டை போடுவது முயலுக்கு நஞ்சு வைப்பதற்குச் சமம்.

முதல் மூன்று நாள்

புதிதாக வந்த முயலை வீடு முழுக்க ஓடவிட்டால், ஒரே பகலில் நாலு அறையிலும் நாலு மூலை பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் சிறிய இடம். தார்சாவின் ஒரு பக்கத்தையோ பட்டாசலின் ஒரு மூலையையோ நான்கடிக்கு ஆறடி அளவில் பலகையாலோ கம்பித் தட்டியாலோ அடைத்து, டிரே, தண்ணீர்ச் சட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவற்றை மட்டும் வைக்க வேண்டும். டைல்ஸ், மொசைக் தரை வழுக்கும். அதன்மேல் கோணிச்சாக்கு விரிக்கலாம். சாக்கிலேயே மூத்திரம் பெய்தால் எடுத்துவிட்டு, நார் இல்லாத ரப்பர் விரிப்பு போடலாம்.

டிரேயின் இடத்தை முயலே சொல்லும். முதல் நாள் மாலைக்குள் அடைப்பின் ஏதோ ஒரு மூலையில் ஈரமும் புழுக்கைக் குவியலும் தெரியும். டிரேயை அந்த மூலைக்கே நகர்த்த வேண்டும். தரையில் உள்ள மூத்திரத்தைச் செய்தித்தாளால் ஒற்றி, அந்த ஈரத்தாளையும் கூட்டிய புழுக்கையையும் டிரேக்குள் போட வேண்டும். தரையைத் தடயமின்றித் துடைத்துவிட வேண்டும். வாடை ஓரிடத்தில் மட்டும் இருக்கும்போது முயலுக்குக் குழப்பம் வராது.

அடுத்தது புல் வைக்கும் இடம். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பிராணி. டிரேயின் ஒரு முனையில், உள்ளே உட்கார்ந்தபடி வாய்க்கு எட்டும் உயரத்தில் புல்லைச் சொருகி வைத்தால், முயல் டிரேயில் ஏறி உட்கார்ந்து அரைக்கும். பின்புறம் தானாக மற்ற முனையில் அமையும். பத்து நிமிடம் கவனித்தால் தாடை அசைய அசையப் புழுக்கை ஒவ்வொன்றாக விழுவதைப் பார்க்கலாம். வேறெந்த உத்தியும் இந்த அளவுக்குப் பலன் தருவதில்லை. தீவனத் தட்டையும் தண்ணீரையும் டிரேயை அடுத்து வெளியே வைக்கலாம்.

நான்காம் நாள் முதல் ஆறாம் வாரம் வரை

முயல் மூத்திரம் பெய்யப்போகும் அறிகுறி தெளிவானது. ஓடிக்கொண்டிருந்தது நிற்கும், பின்பக்கத்தை மூலைப் பக்கம் திருப்பி ஓரடி பின்வாங்கும், இடுப்பு தாழும், வால் லேசாக மேலெழும். அந்தக் கணத்தில் பதறாமல், பின்னாலிருந்து கையால் மெல்லத் தள்ளியோ புல்லைக் காட்டியோ டிரேக்கு நடத்திச் செல்லலாம். டிரேயில் பெய்து முடித்தவுடன் ஒரு கொத்தமல்லி இலையோ முருங்கை இலைக் கொத்தோ கொடுத்தால் இடத்தின் மேல் நல்லெண்ணம் வளரும்.

அதட்டுவதும் தட்டுவதும் வேலையைக் கெடுக்கும். முயல் பிற விலங்குக்கு இரையாகும் பிராணி. அதட்டும் மனிதரை அது வேட்டை விலங்காகத்தான் எடுத்துக்கொள்ளும். மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பதால் எதுவும் புரியாது. தூக்கி டிரேயில் வைப்பதையும் குறைக்க வேண்டும். டிரே தன்னைப் பிடித்துப் போடும் இடம் என்று பதிந்தால், அங்கே போகவே தயங்கும். அதே காரணத்தால் மருந்து கொடுப்பது, நகம் வெட்டுவது போன்றவற்றை டிரேயில் வைத்துச் செய்யக் கூடாது.

தொடர்ந்து மூன்று நாள் டிரேக்கு வெளியே ஈரம் இல்லை என்றால், அடைப்பை இரண்டு மூன்றடி தள்ளிப் பெரிதாக்கலாம். முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். காலையில் டிரேயைப் பயன்படுத்திய பிறகு அரை மணி நேரம், மாலை விளக்கேற்றும் வேளையில் இன்னொரு அரை மணி நேரம் என்று வெளியே விட்டு, படிப்படியாகக் கூட்ட வேண்டும். புதிய இடத்தில் பிசகினால் ஒரு படி பின்வாங்கி, பழைய அளவுக்குத் திரும்புவது முறை. விதை நீக்கம் அல்லது கருப்பை நீக்க அறுவை முடிந்த முயல்களில் பெரும்பாலானவை மூன்று முதல் ஆறு வாரத்தில் நிலைப்பட்டுவிடும்.

இரவில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் ஒரு தனிக் கவனம் வேண்டும். மெத்தை, தலையணை, போர்வை போன்ற மென்மையான எதையும் முயல் கழிப்பிடமாக எண்ண வாய்ப்புண்டு. பத்தமடைப் பாயைப் போட்டுவைத்தால் கோரையை ஓரத்திலிருந்து கடித்துத் தின்னவும் தொடங்கும். படுக்கை விரிப்பதற்கு முன் முயல் அடைப்புக்குள் போயிருக்க வேண்டும்.

பிசகும் இடங்கள்

டிரேக்குள் உட்கார்ந்திருந்தும் ஈரம் வெளியே இருந்தால் பின்பக்கம் விளிம்பைத் தாண்டுகிறது என்று பொருள். பெரிய டிரே அல்லது உயர்ந்த சுவர் வேண்டும். வேறொரு மூலையை விடாப்பிடியாகப் பிடித்தால் அங்கே இரண்டாவது டிரே வைத்து, பழகிய பிறகு நாளுக்கு ஒரு சாண் வீதம் வேண்டிய பக்கம் நகர்த்தலாம். உள்ளிருப்பதைத் தோண்டி இறைத்தால் மேலே வலை போட வேண்டும். டிரேயிலேயே படுத்துத் தூங்கினால் வேறு குளிர்ந்த, மறைவான படுக்கை இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். இரண்டு முயல்களுக்கு இரண்டு டிரேயாவது தேவை.

நன்கு பழகிய முயல் நான்கைந்து மாத வயதில் திடீரென்று சுவரெங்கும் பீய்ச்சத் தொடங்குவது உண்டு. பருவம் வந்ததன் அடையாளம் அது. ஆண் முயலுக்கு விதை நீக்கமும் பெண்ணுக்குக் கருப்பை நீக்கமும் செய்தால், சில வாரங்களில் பீய்ச்சுவது அடங்கிவிடும். பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், அறுவைக்கு இது கூடுதல் காரணம். ஆணுக்கு அறுவை முடிந்தும் ஆறு வாரம் வரை பெண்ணுடன் விடக் கூடாது. அதுவரை சினைப்படுத்தும் ஆற்றல் எஞ்சியிருக்கும். முயலுக்கு வாந்தி வராது; அறுவைக்கு முன் பட்டினி போடத் தேவையில்லை. அறுவைக்கு முயலில் அனுபவமுள்ள மருத்துவரையே தேட வேண்டும். தென்காசி மாவட்டத்தாருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய இடம், திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி.

சாரல் காலம்

ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவந்து தெளிக்கும். குற்றாலத்துக்குச் சீசன், முயல் டிரேக்குச் சோதனைக் காலம். வெயில் முகம் காட்டாததால் கழுவிய டிரே காயாது, தாள் நமுத்துப்போகும், சாக்கு மூட்டையில் இருந்த புல்லில் வெண்பூசணம் படரும். பூசணம் பிடித்த புல்லைத் தின்னும் முயலுக்கு வயிறும் மூச்சும் கெடும்.

இதற்கு ஏற்பாடு பங்குனி, சித்திரையிலேயே தொடங்க வேண்டும். அருகம்புல், கினியாப் புல், கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றை அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டு, கையில் பிடித்தால் சலசலக்கும் பதத்தில் சாக்கில் கட்டி, தரையில் படாமல் மச்சில் ஏற்றிவிட வேண்டும். டிரே இரண்டு இருந்தால் ஒன்று காயும்போது மற்றது உதவும். மற்ற மாதங்களில் ஒரு நாள் விட்டு மாற்றும் உமியைச் சாரல் நாட்களில் தினமும் மாற்ற வேண்டும். ஈரத்தில் தேங்கும் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாடை மனிதர் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே, தரையோடு மூக்கை வைத்திருக்கும் முயலை எரிச்சலூட்டும்.

தினசரி சுத்தத்துக்கு இன்னொரு காரணம் ரத்தக்கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோய். குட்டிகளை அதிகம் தாக்கும் இதன் கிருமி முட்டை, புழுக்கையுடன் வெளிவந்தவுடன் தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து இரண்டு நாள் போல ஆன பிறகே தொற்றும் நிலையை அடையும். அதற்குள் டிரே காலியாகிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிகள் இந்த முட்டையை அழிப்பதில்லை. கொதிக்கும் நீரும் வெயிலில் நன்கு காய்வதும்தான் அழிக்கும்.

கழுவும் முறை

வெள்ளைப் படிவைப் புளிப்பு கரைக்கும். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்தோ, பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்தோ டிரேயில் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால், தேங்காய் நாரால் தேய்த்ததும் படிவு விட்டுவரும். இதையே தரையில் ஊற்றக் கூடாது. மொசைக், சலவைக்கல், சிமெண்ட் மூன்றிலும் சுண்ணாம்பு இருப்பதால் புளிப்பு பட்டால் பளபளப்பு போகும். தரைக்குச் சோப்புத் தண்ணீரே போதும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் நேரடியாகத் தூவினால் நச்சுவாயு கிளம்பும். பினாயில் வாடை முயலை டிரேயிலிருந்து விரட்டும். கழுவிய டிரேயில் பழைய புழுக்கை நாலைந்தைத் திரும்பப் போட்டுவைத்தால், முயல் தன் இடத்தை அடையாளம் காணும்.

டிரே சொல்லும் நோய்

தினமும் டிரேயைக் காலி செய்பவருக்கு முயலின் உடல்நிலை முதலில் தெரிந்துவிடும். அரை நாளாகப் புழுக்கையே இல்லை, முயல் தின்னவும் இல்லை என்றால் குடல் இயக்கம் நின்றிருக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். புழுக்கை சிறுத்துக் கோணலாக வந்தால் புல் குறைவு, பல் கோளாறு அல்லது வலி. உரோமத்தால் மணிமாலைபோல் கோத்து வந்தால் முடி உதிரும் காலம். புல்லைக் கூட்ட வேண்டும். மென்மையான கொத்துகள் தின்னப்படாமல் கிடந்தால் கடைத் தீவனம், பழம், கேரட் மிகுதி. தண்ணீராகப் போவது குட்டிக்கு உயிராபத்து.

மூத்திரத்தில் பற்பசைபோல் கெட்டியான படிவு, அடிக்கடி போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் பெய்தல், பின்னங்கால் உரோமம் நனைந்து தோல் சிவத்தல் ஆகியவை சிறுநீர்ப்பைக் கோளாறின் அடையாளம். நன்கு பழகிய, அறுவை முடிந்த முயல் திடீரென்று இடம் தவறினால் பிடிவாதம் என்று எண்ணாமல் முதலில் இவற்றைத் தேட வேண்டும். வயதான முயலுக்கு மூட்டுவலியால் டிரேயில் ஏற முடியாமலும் போகலாம். வாசல் பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தாழ்த்தினால் சரியாகும்.

கழிவின் பயன்

உலர்ந்த முயல் புழுக்கையை மக்கவைக்காமலே செடிக்குப் போடலாம். கோழி எருபோல் வேரைச் சுட்டுவிடாது. ரோஜா, மல்லிகைத் தொட்டிக்கு வாரம் ஒரு கைப்பிடி போதும். கீரைப் பாத்திக்கு மட்டும் மக்கிய பிறகே போட வேண்டும். மூத்திரம் ஊறிய உமி, தாள், புல் ஆகியவற்றைப் புறவாசலில் குழி எடுத்துப் போட்டு, மேலே சருகும் மண்ணும் மூடி இரண்டு மூன்று மாதம் விட்டால் மக்கும். அதைத் தென்னையின் தூரைச் சுற்றி வட்டப் பாத்தியில் இடலாம். மழை நாளில் குழியைத் தகரத்தால் மூடி, கசிவு வாருகாலிலோ கிணற்றுப் பக்கமோ போகாதபடி வரப்புக் கட்ட வேண்டும்.